‘ஹோம்-மேட்’டில் அழுத்தம் எங்கே? ஆங்கிலக் கூட்டுப் பெயரடையைப் பிரிக்க எந்த வழி நல்லது

போன மாதம் கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் பக்கத்து ஹட்டிக்காரர் (ஹட்டி என்றால் படுகர் ஊர்) ஒருவர் என்னைப் பார்த்து நின்றார். அவர் மகள் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் முதலாண்டு படிக்கிறாள். “மிஸ், சிலபிள் பிரிக்கணும், ஸ்ட்ரெஸ் எங்கேன்னு சொல்லணும்னு ஒரு பாடம் இருக்காம். ரெண்டு சொல் சேர்ந்து வந்தா தடுமாறிப் போறா. டிக்ஷனரி வாங்கித் தரவா, போன்லயே கேட்டுக்கட்டுமா, இல்ல கைடு ஒண்ணு வாங்கினா போதுமா?” என்றார். பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. “போன் பண்றேன் அண்ணா” என்று சொல்லிவிட்டு ஏறினேன். வழியெல்லாம் அந்தக் கேள்விதான் மனதில் ஓடியது. பிளஸ் டூ பிள்ளைகளின் பெற்றோர் கேட்பதும் இதைத்தான். ஊட்டியில் ஓட்டல் வேலைக்கும், வண்டியில் சுற்றுலாக்காரர்களை அழைத்துப் போகும் வேலைக்கும் ஆங்கிலம் பழகும் தம்பிகள் கேட்பதும் இதைத்தான். அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலை எல்லாருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் எந்தச் சொற்களைப் பற்றிப் பேசுகிறோம் என்று பார்த்துவிடலாம். ஊட்டி சேரிங் கிராஸ் பக்கம் நடந்தால் போதும், கடைப் பலகைகளிலேயே பாடம் இருக்கிறது. ஹோம்-மேட் சாக்லேட், ஹேண்ட்-மேட் சோப்பு, சுகர்-ஃப்ரீ பிஸ்கட், வேர்ல்ட்-ஃபேமஸ் வர்க்கி. இரண்டு சொல் கைகோத்து, பின்னால் வரும் பெயருக்கு அடையாக நிற்கிறது. இதுதான் கூட்டுப் பெயரடை. பரீட்சையில் வருவது கைண்ட்-ஹார்ட்டட், ஓல்ட்-ஃபேஷன்ட், அப்சென்ட்-மைண்டட் மாதிரியான சொற்கள்.

இந்தச் சொற்களிடம் கேட்கும் கேள்விகள் இரண்டு. எத்தனை சிலபிள் என்பது ஒன்று. எந்தச் சிலபிளை ஓங்கிச் சொல்ல வேண்டும் என்பது இன்னொன்று. எண்ணிக்கைக்கு உதவும் கருவி பெரும்பாலும் அழுத்தத்துக்கு உதவுவதில்லை. அழுத்தம் கண்டுபிடிக்க உதவுவதை வைத்துக்கொண்டு எண்ணப் போனால் தப்பு வருகிறது. என் மாலை வகுப்பில் தடுமாறிய பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் இரண்டையும் ஒரே முறையில் முடிக்கப் பார்த்தவர்கள்தான்.

சிலபிளுக்கு ‘அசை’ என்று நல்ல தமிழ்ச் சொல் இருக்கும்போது நான் ஏன் சிலபிள் என்றே எழுதுகிறேன்? காரணம் இருக்கிறது. குறளை அலகிட்டுப் பழகிய பிள்ளைக்கு அசை என்றால் நேர், நிரை. உதகை என்ற ஊர்ப்பெயரை அலகிட்டுப் பாருங்கள். உத, கை. நிரை நேர், இரண்டே அசை. ஆங்கிலக் கணக்கில் உ, த, கை என்று மூன்று சிலபிள். கூடலூர் நமக்கு கூ, டலூர் என்று இரண்டு அசை, அவர்கள் கணக்கில் மூன்று சிலபிள். கோத்தகிரி நமக்கு மூன்று, அவர்களுக்கு நாலு. குன்னூர் மட்டும் இரண்டு கணக்கிலும் இரண்டாக நிற்கிறது. இரண்டு குறிலோ, குறிலும் நெடிலுமோ அடுத்தடுத்து வந்தால் சேர்த்து ஒரு நிரையாக எண்ணுவது நம் யாப்பு. ஆங்கிலத்தில் வாயில் எத்தனை உயிரொலி வருகிறதோ அத்தனை சிலபிள், சேர்க்கும் பேச்சே இல்லை. தமிழில் கெட்டிக்காரப் பிள்ளைதான் இங்கே முதலில் சறுக்குகிறது என்பதை நான் பலமுறை பார்த்துவிட்டேன். அதனால் முதல் நாளே இந்த ஊர்ப்பெயர்களைப் பலகையில் எழுதி, இரண்டு விதமாகவும் பிரித்துக் காட்டிவிடுகிறேன்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

செலவே இல்லாதது கையும் வாயும். சின்ன வகுப்பிலிருந்து சொல்லிக்கொடுப்பது கைதட்டி எண்ணுவது. இன்னொன்று, புறங்கையைத் தாடைக்குக் கீழே வைத்துக்கொண்டு சொல்லைச் சொல்வது. தாடை எத்தனை முறை இறங்குகிறதோ அத்தனை சிலபிள். இரண்டும் நல்ல முறைகள்தான், ஆனால் நம் வாய்க்கு ஒரு பழக்கம் இருக்கிறது. போன டிசம்பரில் ஒரு சாயங்காலம், வெளியே பனி இறங்கி ஜன்னல் கண்ணாடியெல்லாம் வெளுத்துக் கிடந்தது. ஒரு பெண் ஓல்ட்-ஃபேஷன்ட் என்ற சொல்லைக் கைதட்டி எண்ணினாள். “மிஸ், அஞ்சு வருது மிஸ்.” திரும்பத் தட்டச் சொன்னேன். ஓல், டு, ஃபே, ஷன், டு. ஐந்தேதான். அவள் எண்ணியதில் தப்பில்லை, தன் வாயில் வந்ததைச் சரியாக எண்ணியிருக்கிறாள். ஆங்கிலத்தில் அது மூன்று: ஓல்ட், ஃபே, ஷன்ட். மீதி இரண்டும் நாம் கொடுத்த ‘உ’. வல்லின மெய்யில் சொல்லை முடித்துப் பழக்கமில்லாத நாக்கு கைண்ட் என்பதைக் கைண்டு ஆக்குகிறது, ஹேண்ட் என்பதை ஹேண்டு ஆக்குகிறது. இது நம் குற்றியலுகரம். அரை மாத்திரை என்று நாம் இலக்கணத்தில் குறைத்து எண்ணும் அதே உகரம், கைதட்டும்போது முழு ஆளாக வந்து உட்கார்ந்துவிடுகிறது. படுக மொழி பேசும் வீடோ, தமிழ் வீடோ, கூடலூர்ப் பக்கத்து மலையாள வீடோ, எந்த வீட்டுப் பிள்ளையும் என் வகுப்புக்கு வரும்போது கைண்டு என்றுதான் சொல்கிறது.

அன்றைக்கு அவளிடம் உதட்டை மூடிக்கொண்டு அதே சொல்லை முனகச் சொன்னேன். பாட்டுக்கு ராகம் பிடிப்பதுபோல, வாயைத் திறக்காமல். ம், ம்ம், ம். மூன்று வந்தது. அவளே நிமிர்ந்து பார்த்தாள். உதடு மூடியிருக்கும்போது அந்த ஒட்டு உகரத்துக்கு இடமில்லை. அது மட்டுமில்லை, நடுவில் வந்த முனகல் கொஞ்சம் மேலே ஏறி, கொஞ்சம் நீண்டும் வந்தது. ஃபே மேல்தான் அழுத்தம். ஆங்கில அழுத்தம் என்பது சத்தம் கூடுவது மட்டும் கிடையாது, சுருதி மாறுவதும் நீளம் கூடுவதும் சேர்ந்தது. முனகும்போது எழுத்து மறைந்து அது மட்டும் காதில் விழுகிறது. கைதட்டலையும் முனகலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு முனகல்தான் பிடிக்கும். ஆனால் ஒரு நிபந்தனை: அந்தச் சொல்லை ஒரு முறையாவது சரியாகக் கேட்டிருக்க வேண்டும். கேட்காத சொல்லை முனகினால் நம் தப்பையே முனகுவோம். அந்தப் பெண் அதற்கு முன் என் வாயிலிருந்து நாலைந்து முறை கேட்டிருந்தாள்.

தாடை முறைக்கு வேறொரு குறை. மிடில்-ஏஜ்ட் என்ற சொல்லில் மிடில் இரண்டு சிலபிள். ஆனால் இரண்டாவது சிலபிளில் தாடை இறங்குவதே தெரியாது, நாக்கு மேலே ஒட்டிக்கொண்டே ‘ல்’ என்று முடித்துவிடும். அங்கே உயிரொலியின் வேலையை ‘ல்’ செய்கிறது. லிட்டில், ஜென்டில், சிம்பிள் எல்லாம் இப்படித்தான். தாடையை நம்பியவர் ஒன்று குறைத்து எழுதுவார்.

அடுத்தது எழுத்தை வைத்துப் பிரிப்பது. கைடுகளில் இருப்பது பெரும்பாலும் இதுதான். உயிரெழுத்தை எண்ணு, இரட்டை மெய் வந்தால் நடுவில் வெட்டு, இடைக்கோடு இருந்தால் அங்கே ஒரு வெட்டு. இடைக்கோடு விதி மட்டும் எப்போதும் சரி, கூட்டுப் பெயரடைக்கு அது பெரிய உதவி. மற்றவை பாதி நேரம்தான் ஒத்துவரும். சாக்லேட் என்ற சொல்லையே பாருங்கள். ஆங்கில எழுத்தைப் பார்த்தால் மூன்று சிலபிள் மாதிரி இருக்கும். வாயில் வருவது இரண்டு. நம் கடைப் பலகையில் தமிழில் ‘சாக்லேட்’ என்று எழுதியவர் கைடு எழுதியவரைவிடச் சரியாக எண்ணியிருக்கிறார்!

எழுத்து முறையில் பிள்ளைகள் அதிகமாக மாட்டிக்கொள்ளும் இடம் கடைசியில் வரும் ஈ-டி. கூட்டுப் பெயரடையில் பாதிக்குப் பாதி இந்த வாலோடுதான் வரும் என்பதால் இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வாலுக்கு முன்னால் ‘ட்’ ஒலி இருந்தால், அதாவது ஆங்கிலத்தின் டி (d) எழுத்தொலியோ டீ (t) எழுத்தொலியோ இருந்தால், வால் தனிச் சிலபிள் ஆகும். கைண்ட்-ஹார்-டட் மூன்று. லெஃப்ட்-ஹேண்-டட் மூன்று. அப்-சென்ட்-மைண்-டட் நாலு. வேறு எந்த ஒலி இருந்தாலும் வால் முந்தின சிலபிளோடு ஒட்டிக்கொள்ளும். லாங்-ஹேர்ட் இரண்டே சிலபிள். பேட்-டெம்-பர்ட் மூன்று. குட்-நேச்-சர்ட் மூன்று. ஒரு கைடில் ஓல்ட்-ஃபேஷன்-எட் என்று நாலாகப் பிரித்து அச்சடித்திருந்ததை என் மாணவன் ஒருவன் கொண்டுவந்து காட்டினான். அதை மனப்பாடம் செய்து பரீட்சையிலும் எழுதிவிட்டான். ஒரு மார்க் போனது, அது போகட்டும். அச்சில் இருப்பது தப்பாக இருக்கும் என்று அந்தப் பையனுக்கு எப்படித் தெரியும்? அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

இந்த ஈ-டி விதியிலும் நாலைந்து முரடர்கள் உண்டு. ஏஜ்ட் என்ற சொல் மிடில்-ஏஜ்ட் என்று சேர்ந்து வரும்போது ஒரு சிலபிள். முதியோர் என்ற பொருளில் தனியாக வரும்போது ஏ-ஜிட் என்று இரண்டு. நாலு கால் உள்ள என்று சொல்ல ஃபோர்-லெக்ட் என்றும் சொல்வார்கள், ஃபோர்-லெகிட் என்றும் சொல்வார்கள். இரண்டும் வழக்கில் உள்ளவையே. இவற்றை எந்த எழுத்து விதியும் சொல்லித் தராது, அகராதிதான் சொல்லும்.

அகராதியில் ஒரு பெரிய ஏமாற்றம் காத்திருக்கிறது, அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அமெரிக்க அகராதிகள் சிலவற்றில் தலைச்சொல்லின் நடுவே சின்னச் சின்னப் புள்ளிகள் இருக்கும். பிள்ளைகள் அதைச் சிலபிள் புள்ளி என்று நினைத்து எண்ணுவார்கள். அவை அச்சுக்கோப்பவருக்கானவை. வரியின் ஓரத்தில் இடம் போதாமல் சொல்லை உடைக்க நேர்ந்தால் எங்கே உடைக்கலாம் என்பதற்கான குறி. ஒற்றை எழுத்தை வரியோரத்தில் தனியே விடக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். அதனால் ஓப்பன்-ஏர் என்ற சொல்லில் ஓப்பன் இரண்டு சிலபிளாக இருந்தும் அதில் புள்ளி இருக்காது. சிலபிள் எண்ணுவதற்குப் பக்கத்தில் உள்ள உச்சரிப்புக் குறிப்பைத்தான் பார்க்க வேண்டும்.

அழுத்தத்துக்கோ அகராதிபோல நம்பகமானது வேறில்லை. மேலே ஒரு சின்னச் செங்குத்துக் கோடு இருந்தால் அதற்கு அடுத்த சிலபிளில் முதன்மை அழுத்தம். கோடு கீழே இருந்தால் இரண்டாம்பட்ச அழுத்தம். கூட்டுப் பெயரடையில் பெரும்பாலும் இரண்டு கோடும் இருக்கும், முன்பாதியில் கீழ்க்கோடு, பின்பாதியில் மேல்கோடு. பழைய அகராதிகள் சிலவற்றில் குறி சிலபிளுக்குப் பின்னால் வரும். முதல் பக்கங்களில் உள்ள குறி விளக்கத்தைப் படிக்காமல் தொடங்கினால் எல்லாமே ஒரு சிலபிள் தள்ளிப் போய்விடும். பிரிட்டிஷ் அகராதியில் இன்னொரு துப்பும் கிடைக்கும். தலைகீழாகக் கவிழ்த்த ஈ மாதிரி ஒரு குறி இருக்கிறதே, ஷ்வா என்பார்கள், அது உள்ள சிலபிளில் அழுத்தம் வராது. ஃபேஷன்ட் என்பதில் ‘ஷன்’ அப்படித்தான் தேய்ந்து கிடக்கிறது. அமெரிக்க அகராதிகள் சிலவற்றில் அதே குறியை அழுத்தமுள்ள இடத்திலும் போடுவார்கள் என்பதால் இந்தத் துப்பை அங்கே பயன்படுத்த வேண்டாம்.

போன் விஷயத்துக்கு வருகிறேன். இப்போது பெரிய அகராதிகள் பலவற்றுக்கும் இணையத்தில் இலவசப் பக்கம் இருக்கிறது, ஒலிபெருக்கிப் படத்தைத் தட்டினால் சொல்லிக்காட்டும். காது பழக இதைவிட நல்லது இல்லை. நான் படித்த காலத்தில் கிடைக்காத வசதி, அதை நினைத்தால் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் மலையில் இருப்பவர் ஒன்றை யோசிக்க வேண்டும். ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரை கூடலூர், பந்தலூர்ப் பக்கம் மழை அடித்துக்கொண்டே இருக்கும்போது சிக்னல் எப்போது வரும் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. எஸ்டேட் லயன் வீடுகளில் நல்ல நாளிலேயே வாசலுக்கு வந்து நின்றால்தான் கோடு இரண்டு தெரியும். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பி, அரசுத் தேயிலைத் தோட்டங்களில் வேலைக்குச் சேர்ந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இரண்டு பேர் என்னிடம் படிக்கிறார்கள். ஒரே போன், அதையும் அப்பா வேலைக்குக் கொண்டுபோய்விடுவார். அவர்களுக்கு ‘போன்ல கேட்டுக்கோ’ என்று சொல்வது பதிலே ஆகாது. சிக்னல் உள்ள இடத்தில் பத்துச் சொல்லைக் கேட்டு, கேட்டதைப் போனிலேயே பதிவு செய்து வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். இரவு சிக்னல் இல்லாமலே அதைப் போட்டுக் கேட்கலாம்.

போனில் இன்னொரு குறை, அது சொல்லைத் தனியாகச் சொல்லிக்காட்டும். கூட்டுப் பெயரடை தனியாக நிற்பது எப்போதாவதுதான். இதை அப்புறம் விளக்குகிறேன்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த வழி. தொகை பார்த்து அழுத்தம் கண்டுபிடிப்பது. எண்ணிக்கையில் நம்மைக் குழப்பிய அதே தமிழ் இலக்கணம் அழுத்தத்தில் கைகொடுக்கிறது.

ஆங்கிலக் கூட்டுப் பெயருக்கு அழுத்தம் பெரும்பாலும் முன்பாதியில் என்பது தெரிந்த விஷயம். கார்னேஷன் பூ வளர்க்கும் பசுமைக்குடிலை க்ரீன்ஹவுஸ் என்றால் அழுத்தம் க்ரீன் மேல். பச்சை பெயிண்ட் அடித்த வீடு என்றால் ஹவுஸ் மேல். பெயரடையில் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது, உள்ளே என்ன தொகை இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

முன்பாதி பண்பைச் சொன்னால், அதாவது நம் பண்புத்தொகை மாதிரி இருந்தால், அழுத்தம் பின்பாதிக்குப் போகும். கைண்ட்-ஹார்ட்டட், நல்ல மனம். ஹார் மேல் அழுத்தம். பேட்-டெம்பர்ட்டில் டெம் மேல், லெஃப்ட்-ஹேண்டட்டில் ஹேண் மேல். முன்பாதி எண்ணாக இருந்தாலும் இதே கதைதான். ஒன்-வே என்றால் வே மேல், ஃபோர்-லெக்ட் என்றால் லெ மேல். ஹார்ட்-வொர்க்கிங், லாங்-லாஸ்டிங் என்று எப்படி என்பதைச் சொல்லும் சொல் முன்னால் வந்தாலும் பின்பாதிதான்.

உவமைத்தொகை போல விரிந்தால் அதுவும் பின்பாதி. ஐஸ்-கோல்ட், ஐஸ் போலக் குளிர்ந்த. ஸ்னோ-வைட், பனி போல வெளுத்த. கிரிஸ்டல்-கிளியர், பளிங்கு போலத் தெளிந்த. ‘போல’ போட்டு விரித்துப் பார்த்துப் பொருள் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு பின்பாதியில் அழுத்தலாம்.

இரண்டாம் வேற்றுமைத்தொகை போல ‘ஐ’ உருபு போட்டு விரிந்தால் அழுத்தம் முன்பாதிக்கு வந்துவிடும். டைம்-கன்ஸ்யூமிங், நேரத்தைத் தின்னும். டைம் மேல் அழுத்தம். பிரெத்டேக்கிங், மூச்சை எடுக்கும். பிரெத் மேல். இங்கிலீஷ்-ஸ்பீக்கிங், ஆங்கிலத்தைப் பேசும். இங் மேல். ஹார்ட்-வொர்க்கிங், டைம்-கன்ஸ்யூமிங் இரண்டுக்கும் வால் ஒன்றே, ஆனால் அழுத்தம் ஒன்றில் பின்னால், ஒன்றில் முன்னால். ஏன் என்று பிள்ளை கேட்டால் கைடில் பதில் இருக்காது. ‘ஐ போட்டு விரிச்சுப் பாரும்மா’ என்றால் உடனே புரிந்துகொள்கிறது.

மற்ற வேற்றுமைகளில்தான் இது தடுமாறும், அதை மறைக்க விரும்பவில்லை. மேட்டுப்பாளையம் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்தவருக்கு வரும் தலைசுற்றல் கார்சிக், காரால் வந்தது. அழுத்தம் கார் மேல். ஹோம்சிக், ஹோம் மேல். வாட்டர்ப்ரூஃப், வாட் மேல். ஆனால் வீட்டில் செய்த ஹோம்-மேட் தனியாக நின்றால் மேட் மேல். கையால் செய்த ஹேண்ட்-மேட் அப்படியே. உலகில் புகழ்பெற்ற வேர்ல்ட்-ஃபேமஸ் என்பதில் ஃபே மேல். ஃப்ரீ என்று முடிபவை, சுகர்-ஃப்ரீ, டூட்டி-ஃப்ரீ, எல்லாம் ஃப்ரீ மேல். ஆனால் கேர்ஃப்ரீ மட்டும் கேர் மேல். பெயர்ச்சொல் முன்னால் வந்து, ‘போல’வும் பொருந்தாமல், ‘ஐ’யும் பொருந்தாமல் இருந்தால் யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம், அகராதியைத் திறந்துவிடுங்கள். என் கணக்கில் பரீட்சைக்கு வரும் சொற்களில் பெரும்பகுதி முதல் மூன்று வகைக்குள் அடங்கிவிடும். மீதியை ஒரு பக்கத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம்.

போன் சொல்லிக்காட்டாத விஷயம் என்றேனே, அது இதுதான். கூட்டுப் பெயரடையின் அழுத்தம் இடம் மாறும். ‘இந்த சாக்லேட் ஹோம்-மேட்’ என்று வாக்கியத்தின் கடைசியில் வந்தால் மேட் மேல் அழுத்தம். ‘ஹோம்-மேட் சாக்லேட்’ என்று பெயருக்கு முன்னால் வந்தால் அழுத்தம் ஹோம் மேலே ஏறிவிடும். காரணம் எளிது. சாக்லேட்டில் சாக் மேல் அழுத்தம். மேட், சாக் என்று இரண்டு ஓங்கல் அடுத்தடுத்து வந்தால் ஆங்கில நாக்குக்கு இடிக்கிறது, அதனால் ஒன்றை முன்னால் தள்ளி இடைவெளி விடுகிறது. எண்களிலும் இதே நடக்கும். எத்தனை வளைவு என்று கேட்டால் ஃபோர்டீன் என்று டீனில் அழுத்துவார்கள். ஃபோர்டீன் பெண்ட்ஸ் என்று சேர்த்துச் சொல்லும்போது அழுத்தம் ஃபோருக்கு வந்துவிடும். சில அகராதிகளில் இப்படி நகரக்கூடிய சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி முக்கோணம் போட்டிருப்பார்கள்.

இதைப் பழக நான் ரப்பர் பேண்டு வைத்திருக்கிறேன். இரண்டு கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு, அழுத்தம் வரும் சிலபிளில் மட்டும் இழுக்க வேண்டும். ஹோம்-மேட் என்று மேட்டில் இழு, ஹோம்-மேட் சாக்லேட் என்று ஹோமிலும் சாக்கிலும் இழு. கோத்தகிரி காய்கறிக் கடையில் கீரைக்கட்டோடு வருவதே போதும். கை இழுக்கும் நேரமும் வாய் நீட்டும் நேரமும் ஒன்றாகிவிட்டால் அப்புறம் ரப்பர் தேவையில்லை. இயல்பாகவே முன்பாதியில் அழுத்தம் உள்ள டைம்-கன்ஸ்யூமிங் போன்ற சொற்களில் பெயருக்கு முன்னால் வந்தாலும் அழுத்தம் நகராது என்பதையும் இதிலேயே காட்டிவிடலாம்.

அகராதிகளே ஒன்றுபோலச் சொல்லாத சொற்களும் உண்டு. குன்னூர் மலை ரயிலில் எண்ணெய் எரித்து ஓடும் நீராவி எஞ்சின்கள் இருக்கின்றன, ஆங்கிலத்தில் ஆயில்-ஃபயர்ட். ஆயில் ஒரு சிலபிளா இரண்டா? ஃபயர்ட் ஒன்றா இரண்டா? அகராதிகளே இரண்டும் சரி என்று குறித்திருக்கின்றன. இப்படிப்பட்ட சொல்லைத் தேர்வில் கேட்பது நியாயமில்லை என்பது என் கருத்து. பிள்ளை எழுதியது எதுவாக இருந்தாலும் மார்க் போட வேண்டும்.

யாருக்கு எது என்ற கேள்விக்கு என் பதில் இதோ. பரீட்சைக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது, எழுத்தில்தான் கேட்பார்கள் என்றால், ஈ-டி விதியும் தொகை முறையும் போதும். இரண்டையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கற்றுக்கொடுத்துவிடலாம், மிச்ச நாளெல்லாம் பழகுவதற்கு. கைடு வாங்குவதாக இருந்தால் அதிலுள்ள பயிற்சிச் சொற்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், விடையை அகராதியோடு ஒத்துப் பார்க்காமல் நம்ப வேண்டாம். ஓட்டலிலும் வண்டியிலும் பேசப் போகிறவருக்கு விதி அவ்வளவு முக்கியமில்லை. அவருக்குப் போன், பதிவு, ரப்பர் பேண்டு. ஒரு சொல்லைத் தனியாகப் பழகாமல் பின்னால் வரும் பெயரோடு சேர்த்தே பழக வேண்டும், ஏனென்றால் அவர் வாயில் அது அப்படித்தான் வரப்போகிறது. இரண்டுமே வேண்டும் என்கிற கல்லூரிப் பிள்ளைக்கு அச்சு அகராதி ஒன்று வீட்டில் இருக்கட்டும். மழைக்காலத்தில் அதுதான் துணை.

அந்த அண்ணனுக்கு அன்று ராத்திரியே போன் செய்து இதைத்தான் சொன்னேன். மாணவர்களுக்கான பிரிட்டிஷ் அகராதி, உச்சரிப்புக் குறியோடு உள்ளது, பழையதாக இருந்தாலும் பரவாயில்லை, சொல்லின் அழுத்தம் பத்து வருஷத்தில் மாறிவிடாது என்றேன். “அப்போ செகண்ட்-ஹேண்ட் போதும்கிறீங்க” என்றார். பக்கத்தில் மகள் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். போனை வாங்கி, “மிஸ், செகண்ட்-ஹேண்டுக்கு ஹேண்ட் மேலதானே?” என்றாள். ஆமாம், பழைய புத்தகம் என்றால் ஹேண்ட் மேல் என்றேன். கடிகாரத்தில் ஓடும் நொடிமுள்ளைச் சொன்னால் செ மேல், அது கூட்டுப் பெயர். செகண்ட்-ஹேண்ட் டிக்ஷனரி என்று சேர்த்துச் சொன்னால் எங்கே என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் மெல்லிசாக ஒரு முனகல் கேட்டது.

“செ மேல போகுது மிஸ்.”